இணையவழித் தொலைபேசி: ஊவா மலைகளில் களையப்பட வேண்டிய தப்பபிப்பிராயங்கள்

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது 600 இற்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. மண்சரிவினால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. வீதிகள் அடைபட்டன. மலையக ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது. இவற்றுடன் சேர்த்து இன்னொன்றும் அறுந்து போனது. மின்சாரம் தடைப்பட்டதாலும் ஒளியிழை வடங்கள் துண்டிக்கப்பட்டதாலும் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் பல ஒன்றன்பின் ஒன்றாக மௌனித்தன. தோட்டங்களில் உள்ள தம் உறவினர் உயிருடன் இருக்கின்றனரா என்பதை அறிய முடியாமல் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் இருந்தோர் தவித்த தவிப்பை எளிதில் மறந்துவிட முடியாது.

அந்த அனுபவத்தின் பின்னணியில், முதற்பார்வைக்குச் சாதாரண வர்த்தக விவகாரமாகத் தோன்றும் ஒரு விடயத்தை நாம் இங்கு ஆராய விரும்புகின்றோம். அதுதான் வர்த்தக நிறுவனங்கள் பயன்படுத்தும் இணையவழித் தொலைபேசிச் சேவை. பதுளை நகரின் மொத்த வியாபார நிலையங்கள், எல்ல, ஹப்புத்தளைப் பகுதிகளின் விடுதிகள், தேயிலைத் தொழிற்சாலைகள், தோட்ட அலுவலகங்கள் ஆகியன இன்று இச்சேவையைப் பெறலாமா, வேண்டாமா என்று சிந்திக்கத் தொடங்கியுள்ளன. விற்பவர்கள் அதனை மலிவான அற்புதம் என்கின்றனர். தயங்குபவர்கள் அதனை நம்பத்தகாத விளையாட்டு என்கின்றனர். இரு தரப்பினரும் உண்மையின் ஒரு பாதியை மாத்திரமே பேசுகின்றனர் என்பது எமது கருத்து.

தொலைபேசியின் வரலாறு ஊவாவில் சமத்துவத்தின் வரலாறு அன்று. பல தசாப்தங்களாகத் தோட்டத்துத் தொலைபேசி என்றால் அது துரையின் பங்களாவிலும் தொழிற்சாலை அலுவலகத்திலும் இருந்த கருவியையே குறித்தது. லயன் குடியிருப்பில் வாழ்ந்த தொழிலாளிக்கு மரணச் செய்தியும் தந்தி வடிவில் தோட்ட அலுவலகம் வழியாகவே வந்து சேர்ந்தது. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம், 1996 இல் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் தோற்றம், 2002 இல் சர்வதேச அழைப்புக்கள் மீதான ஸ்ரீலங்கா டெலிகொம் நிறுவனத்தின் தனியுரிமை முடிவுக்கு வந்தமை ஆகியன இத்துறையின் கதவுகளைப் படிப்படியாகத் திறந்தன. அதன் பின்னர் வந்த கம்பியில்லாத் தொலைபேசிகளும் கையடக்கத் தொலைபேசிகளுமே லயன் அறைக்குள் முதன்முதலாக மணியோசையைக் கொண்டுவந்தன. இன்று பேசப்படும் மாற்றம் அத்தொடரின் அடுத்த கட்டமேயாகும்.

இணையவழித் தொலைபேசி என்பது யாது? பழைய முறையில், பேசும் இருவருக்கும் இடையே அழைப்பு முடியும் வரை ஒரு தனிப் பாதை ஒதுக்கப்பட்டிருந்தது. புதிய முறையில் குரல் எண்களாக மாற்றப்பட்டுச் சிறு பொதிகளாகக் கட்டப்படுகின்றது. மின்னஞ்சலும் ஒளிப்படமும் செல்லும் அதே இணையப் பாதையில் அப்பொதிகளும் பயணம் செய்து, மறுமுனையில் மீண்டும் குரலாகின்றன. நிறுவனமொன்றில் இருபது மேசைகளில் இருபது தொலைபேசிகள் இருந்தாலும் அவை அனைத்தையும் ஒரு கணினி நிரலே நிர்வகிக்கும். அந்நிரல் அதே கட்டடத்திலும் இருக்கலாம், கொழும்பிலும் இருக்கலாம், வேறொரு நாட்டிலும் இருக்கலாம். இவ்வளவே அதன் அடிப்படை. தப்பபிப்பிராயங்கள் யாவும் இதற்கப்பால் எழுவனவாகும்.

முதலாவது தப்பபிப்பிராயம், 'வட்ஸ்அப் அழைப்பு இருக்கும்போது இதற்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும், இரண்டும் ஒன்றுதானே' என்பதாகும். இரண்டும் இணையத்தில் செல்வன என்பது மெய். எனினும் ஒன்று தனியார் செயலி; மற்றையது உரிமம் பெற்ற நிறுவனம் வழங்கும் தொலைபேசிச் சேவை. செயலியின் வழியாக அதே செயலியை வைத்திருப்பவருடன் மாத்திரமே பேச முடியும். வங்கியின் நிலையான இலக்கத்தையோ, வைத்தியசாலையையோ, 119 ஐயோ அதன் மூலம் அழைக்க முடியாது.

இந்த வேறுபாட்டினை இலங்கை வர்த்தகர்கள் மூன்று தடவைகள் நேரில் கண்டனர். 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்முறைகளின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்களை அடுத்தும், 2022 ஏப்ரல் முதல் வாரத்தில் மக்கள் எழுச்சியின்போதும் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் உள்ளிட்ட சமூக ஊடகங்கள் அரசாங்கத்தால் முடக்கப்பட்டன. தம் வாடிக்கையாளர் அனைவரையும் ஒரே செயலிக்குள் வைத்திருந்த விடுதி உரிமையாளரும் மரக்கறி வியாபாரியும் அந்நாட்களில் கைகட்டி நின்றனர். அரசாங்கம் முடக்காவிட்டாலும் செயலியின் உரிமையாளரே அதனை மூடிவிடலாம். 2003 இல் ஆரம்பிக்கப்பட்டு உலகெங்கும் பரவிய ஸ்கைப் சேவை 2025 மே மாதத்துடன் நிறுத்தப்பட்டமை இதற்குச் சான்றாகும். இலவசமாகக் கிடைப்பதன் மீது வர்த்தகத்தின் முழுப் பாரத்தையும் ஏற்றுதல் விவேகமன்று.

இதன் மறுபக்கமாக, 'இணையத் தொலைபேசி சட்டவிரோதமானது' என்ற எண்ணமும் பலரிடம் நீடிக்கின்றது. இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. வெளிநாட்டிலிருந்து இணையத்தின் ஊடாக வரும் அழைப்புக்களை அனுமதியின்றி உள்ளூர் அழைப்புக்களாக மாற்றி விடுவோர் அவ்வப்போது கைது செய்யப்பட்டதைப் பத்திரிகைகளில் படித்தவர்கள், குற்றம் தொழில்நுட்பத்தில் இருப்பதாகக் கருதிவிட்டனர். குற்றம் இருப்பது உரிமமின்றித் தொலைத்தொடர்பு முறைமையை இயக்குவதில் ஆகும். உரிமம் பெற்ற சேவை வழங்குநரிடமிருந்து இணையவழி இணைப்பைப் பெறும் வர்த்தகர் எந்தச் சட்டத்தையும் மீறுவதில்லை. ஆகவே, விற்க வருபவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி விலை பற்றியதன்று; உரிமம் பற்றியதாகும்.

இரண்டாவது தப்பபிப்பிராயம் இன்னும் ஆழமானது. 'எங்களுக்கு இந்தப் புதுமை வேண்டாம், எங்களிடம் இருப்பது பழைய நிலையான தொலைபேசிதான்' என்று கூறும் பலரிடம் இருப்பது உண்மையில் பழைய தொலைபேசி அன்று. செப்புக் கம்பி அகற்றப்பட்டு ஒளியிழை இணைப்பு வழங்கப்பட்ட இடங்களில், மேசை மீதுள்ள கருவி மாறாதிருக்கலாம். 055 அல்லது 057 எனத் தொடங்கும் இலக்கமும் மாறாதிருக்கலாம். ஆயினும் சுவரில் பொருத்தப்பட்ட சிறு பெட்டியிலிருந்து புறப்படும் குரல் இணைய நெறிமுறையிலேயே செல்கின்றது. நான்காம் தலைமுறை கம்பியில்லா இணைப்பைப் பெற்றோரின் நிலையும் பெரும்பாலும் இதுவே. தெரிவு செய்யாமலேயே நம்மில் பலர் இணையவழித் தொலைபேசியின் பாவனையாளராகிவிட்டோம்.

இதனை அறியாதிருப்பதன் விலை என்ன? பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்தின் பற்றரிகளிலிருந்து அதே கம்பி வழியாக வந்தது. வீட்டில் மின்சாரம் இல்லாத இரவிலும் அது ஒலித்தது. ஒளியிழையோ கண்ணாடியினால் ஆனது. அது ஒளியைக் கடத்துமேயன்றித் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரத்தைக் கடத்தாது. எனவே கட்டடத்தில் மின்சாரம் நின்ற அக்கணமே சுவர்ப் பெட்டியும் நிற்கின்றது, தொலைபேசியும் நிற்கின்றது. இவ்வுண்மையை இணைப்பு வழங்கப்படும் நாளில் வாடிக்கையாளருக்கு அவரது மொழியில் எடுத்துரைப்பது நியாயமான கடமையாகும்.

மூன்றாவது, 'அதிவேக இணையம் இருந்தால் போதும், குரல் தெளிவாக இருக்கும்' என்ற நம்பிக்கை. குரலுக்கு வேகம் அதிகம் தேவையில்லை. பரவலாகப் பயன்படுத்தப்படும் முறையில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் செக்கனுக்குச் சுமார் 90 கிலோபிட் போதுமானது. ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தாண்டாது. ஒரு திரைப்படத்தைப் பார்ப்பதற்குத் தேவைப்படுவதை விட இது குறைவு. குரலுக்குத் தேவைப்படுவது சீர்மை. பொதிகள் ஒழுங்கான இடைவெளியில் வர வேண்டும்; வழியில் தொலையக் கூடாது; தாமதிக்கக் கூடாது. ஒரு வழித் தாமதம் செக்கனில் ஆயிரத்தில் 150 பங்குக்கு மேற்படாதிருத்தல் நன்று என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையாகும். அதற்கு மேற்பட்டால் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவதும் ஒரே நேரத்தில் மௌனிப்பதுமாக உரையாடல் தடுமாறும்.

ஊவாவின் நில அமைப்பு இவ்விடத்தில் குறுக்கிடுகின்றது. நமுனுகுல மலையின் ஒரு சரிவில் நான்கு கோடுகள் காட்டும் கையடக்கத் தொலைபேசி, மறுசரிவின் பள்ளத்தில் ஒரு கோட்டையும் காட்டுவதில்லை. ஹப்புத்தளை முகட்டிலிருந்து தெற்கே இறங்கும் தோட்டங்களிலும், பசறை, மடுல்சீமைப் பக்கத்தின் மடிப்புக்களிலும் இதுவே அனுபவம். அதுவன்றி, பகல் பத்து மணிக்குச் சோதித்துப் பார்க்கும்போது சிறப்பாக இயங்கும் கம்பியில்லா இணைப்பு, ஊரார் அனைவரும் கையடக்கத் தொலைபேசியைத் திறக்கும் மாலை ஏழு மணிக்குத் திணறும். ஆகவே ஒரு நாள் பகற்பொழுதுச் சோதனையைக் கண்டு ஒப்பந்தத்தில் கையொப்பமிடுதல் ஆகாது. ஒரு வாரமேனும், மாலை வேளைகளிலும் மழை நாட்களிலும் பேசிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். அலுவலகத்தினுள்ளும், காணொளிகளைத் தரவிறக்கும் கணினியை விடக் குரலுக்கு முன்னுரிமை கிடைக்குமாறு ரவுட்டரை ஒழுங்கு செய்ய முடியும். பல முறைப்பாடுகள் அச்சிறு திருத்தத்தினாலேயே தீர்ந்துவிடக் கூடியவை.

செய்மதி இணையம் இக்குறையை முற்றாக நீக்கிவிடும் என்று கூறுவோரும் உளர். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கையில் தன் சேவையை ஆரம்பித்தது. முன்னைய செய்மதிகள் பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நின்றமையால் குரல் சென்று திரும்ப அரைச் செக்கனாவது எடுத்தது. ஸ்டார்லிங்க் செய்மதிகளோ சுமார் 550 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுவதால் உரையாடல் இயல்பாக அமைகின்றது. கோபுரமே எட்டாத தோட்டத்துக்கு இது பெரும் வரப்பிரசாதம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் உயர்ந்த மரங்களும் மலைச்சுவரும் மறைக்காத திறந்த வானம் அதற்கு வேண்டும், மின்சாரமும் வேண்டும். மின்சாரமற்ற இரவில் செய்மதித் தட்டும் வெறும் தட்டே.

நான்காவது தப்பபிப்பிராயம், 'இதனால் தொலைபேசிச் செலவே இல்லாமற் போகும்' என்பதாகும். பதுளையிலும் பண்டாரவளையிலும் கொழும்பிலும் கிளைகளைக் கொண்ட நிறுவனம், அக்கிளைகளிடையே தனி அழைப்புக் கட்டணமின்றிப் பேச இயலும். ஊழியர் ஒருவர் இடம் மாறினால் புதிய கம்பி இழுக்கத் தேவையில்லை. எல்லவில் விடுதி நடத்துபவர் பதுளைக்குச் சாமான் வாங்க வந்திருக்கையிலும் விடுதியின் இலக்கத்துக்கு வரும் முன்பதிவு அழைப்புக்கு அங்கிருந்தே பதிலளிக்கலாம். இவை மெய்யான இலாபங்கள். ஆனால் சாதாரண கையடக்க இலக்கத்தையோ பிற நிறுவனத்தின் நிலையான இலக்கத்தையோ அழைக்கும்போது கட்டணம் உண்டு, வரியும் உண்டு. கருவிகள், ரவுட்டர், பற்றரி, மாதாந்தக் கட்டணம், பழுது பார்க்க வரும் தொழில்நுட்பவியலாளரின் பயணச் செலவு ஆகிய அனைத்தையும் கூட்டிப் பார்த்தாலன்றி எது மலிவு என்பது புலப்படாது. மூன்று தொலைபேசிகள் மாத்திரம் உள்ள சிறு கடைக்கு இந்த மாற்றம் எந்த மிச்சத்தையும் தராதிருக்கலாம். அதனை அவர்களுக்குச் சொல்ல விற்பனையாளர் முன்வருவதில்லை.

ஐந்தாவது, பாதுகாப்புப் பற்றியது. 'இணையத்தில் பேசினால் எவரும் ஒட்டுக் கேட்கலாம்' என்ற அச்சம் ஒருபுறம். 'கடவுச்சொல் இருக்கின்றது, கவலையில்லை' என்ற அலட்சியம் மறுபுறம். குரலை மறையாக்கம் செய்து அனுப்பும் வசதி இன்று சாதாரணமானது. அதனை இயக்கும்படி கேட்க வேண்டும், அவ்வளவே. தேயிலை வர்த்தகத்தையே எடுத்துக் கொள்வோம். 1883 இல் ஆரம்பித்த கொழும்புத் தேயிலை ஏலம், கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில் 2020 ஏப்ரலில் இணையவழிக்கு மாறியது. நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே மண்டபத்தில் கூவி விற்கப்பட்ட தேயிலை, வலையமைப்பை நம்பி விற்கப்பட்டது. முறையாக அமைக்கப்பட்டால் வலையமைப்பை நம்பலாம் என்பதற்கு இதைவிட உள்ளூர்ச் சான்று வேண்டியதில்லை.

அலட்சியத்தின் ஆபத்தோ வேறு. தொழிற்சாலையில் பொருத்தியபோது வந்த கடவுச்சொல்லையே மாற்றாது வைத்திருக்கும் தொலைபேசி முறைமைக்குள் வெளியார் புகுந்து, வார இறுதி இரவுகளில் தொலைதூர நாடுகளின் அதிக கட்டண இலக்கங்களுக்குத் தொடர்ச்சியாக அழைப்பெடுத்துவிடும் மோசடி உலகெங்கும் அறியப்பட்டதாகும். திங்கட்கிழமை காலை அலுவலகம் திறக்கும்போது பல இலட்சம் ரூபா கட்டணம் காத்திருக்கும். அதனைச் செலுத்த வேண்டிய பொறுப்பும் இணைப்பின் உரிமையாளர் மீதே சுமத்தப்படலாம். சர்வதேச அழைப்புத் தேவையில்லாத நீடிப்புக்களில் அவ்வசதியை மூடிவிடுவதும், மாதாந்த உச்ச வரம்பொன்றை விதிக்கச் செய்வதும் எவ்விதச் செலவுமற்ற காப்புக்களாகும்.

ஆறாவது தப்பபிப்பிராயமே எம்மை மிகவும் கவலை கொள்ளச் செய்வது. 'இலக்கத்தைப் பார்த்தால் இடம் தெரியும்' என்று நாம் பழகிவிட்டோம். 055 என்றால் பதுளைப் பக்கம். 057 என்றால் பண்டாரவளைப் பக்கம். 011 என்றால் கொழும்பு. இணையவழித் தொலைபேசியில் இலக்கத்துக்கும் நிலத்துக்கும் உள்ள இந்தப் பிணைப்பு தளர்கின்றது. பெருந்தோட்டக் கம்பனிகளின் தலைமையகங்கள் கொழும்பிலேயே உள்ளன. தலைமையகத்தில் ஒரே முறைமையை நிறுவி, மலையிலுள்ள தோட்ட அலுவலகங்களை அதன் நீடிப்புக்களாக இணைப்பது கணக்குப் பார்ப்பவருக்கு இலாபகரமாகத் தோன்றும். ஆனால் அந்தத் தோட்டத்திலிருந்து ஒருவர் 119 ஐ அல்லது 1990 அம்புலன்ஸ் சேவையை அழைத்து, அவ்வழைப்புத் தலைமையகத்தின் வாயிலாக வெளியேறுமாயின், மறுமுனையில் தோன்றும் இலக்கம் கொழும்பினுடையதாக இருக்கும்.

தொழிற்சாலையில் ஒருவரின் கை இயந்திரத்தில் அகப்பட்டுள்ளது. அல்லது நள்ளிரவில் லயன் வரிசைக்குப் பின்னால் மண் சரியத் தொடங்கிவிட்டது என்று வைத்துக் கொள்வோம். பதற்றத்தில், தமிழில் மாத்திரம் பேசத் தெரிந்த ஒருவர், ஒரே தோட்டத்தின் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்ற பெயர்களை விளங்கிக் கொள்ளாத ஒருவருக்குத் தன் இடத்தை விளக்க வேண்டியிருக்கும். அந்நிமிடங்களில் இலக்கமும் பொய் சொல்லுமாயின் உதவி எங்கு செல்லும்? அவசர அழைப்புக்கள் தோட்டத்தின் சொந்த உள்ளூர் இணைப்பு வழியாகவே வெளியேறுமாறு அமைத்தல் தொழில்நுட்ப ரீதியில் கடினமன்று. கேட்டால் செய்து தருவர். கேட்க வேண்டும் என்பது தெரியாதிருப்பதே குறை.

இனி, இத்தப்பபிப்பிராயங்கள் அனைத்துக்கும் அடியில் கிடக்கும் விடயத்துக்கு வருவோம். இணையவழித் தொலைபேசி நல்லதா, கெட்டதா என்ற விவாதமே தவறான இடத்தில் தொடங்குகின்றது. எந்தத் தொலைபேசியும் தனக்குக் கீழேயுள்ள பாதையின் தரத்தை மிஞ்ச முடியாது. அப்பாதை இரண்டு பொருட்களால் ஆனது: மின்சாரமும் இணைப்பும். 2022 மார்ச் இறுதியில் நாள் ஒன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்தது. மின்பிறப்பாக்கியை இயக்க டீசலும் கிடைக்காத காலம் அது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததனால் முழு நாடும் இருளில் மூழ்கியதாக அமைச்சர் விளக்கமளித்தார். அதே ஆண்டின் நவம்பரில் வந்ததோ சூறாவளி. மூன்று ஆண்டுகள் எட்டு மாதங்களில் மூன்று வேறு காரணங்கள், விளைவு ஒன்றே. காரணத்தை எதிர்வு கூற முடியாதபோது விளைவுக்கு ஆயத்தமாக இருப்பதே அறிவுடைமை.

செல்வந்த நாடுகளும் இதே சிக்கலை எதிர்கொண்டன. ஐக்கிய இராச்சியம் தனது பழைய தொலைபேசி வலையமைப்பை 2025 இறுதியில் மூடிவிடத் திட்டமிட்டிருந்தது. முதியோரும் நோயாளரும் உதவி கோரப் பயன்படுத்தும் அவசர அழைப்புக் கருவிகள் புதிய இணைப்பில் இயங்காமற் போன சம்பவங்கள் வெளிவந்ததை அடுத்து, அத்திகதி 2027 ஜனவரிக்குப் பிற்போடப்பட்டது. மின்தடையின்போது நிலையான இணைப்பை மாத்திரமே நம்பியிருப்போர் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர சேவைகளை அழைக்கக்கூடிய வழியை வழங்குநர் ஏற்படுத்தித் தரவேண்டும் என்பது அந்நாட்டு ஒழுங்குபடுத்தல் அமைப்பான ஒஃப்கொம் விடுத்த வழிகாட்டலாகும். சமவெளி நிலமும் சீரான மின்சாரமும் உள்ள நாட்டுக்கே ஒரு மணி நேரம் தேவையெனில், மண் சரியும் மலைகளுக்கு எத்தனை மணி நேரம் தேவை என்பதை எமது ஆணைக்குழு சிந்திக்க வேண்டாமா?

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழக்கூடும். இன்று ஒவ்வொரு தொழிலாளியின் கையிலும் கையடக்கத் தொலைபேசி இருக்கையில் அலுவலகத் தொலைபேசியைப் பற்றி இவ்வளவு கவலை ஏன் என்பதே அது. நியாயமான கேள்வியே. ஆனால் கோபுரம் மின்சாரமின்றி நின்ற நாட்களில் ஆயிரம் கையடக்கத் தொலைபேசிகளும் ஒன்றாகவே நின்றன. ஒரே பாதையில் நம் அனைவரது குரலும் செல்லுமாயின், கருவிகளின் எண்ணிக்கை எந்தப் பாதுகாப்பையும் தருவதில்லை. தோட்டத்தில் ஓர் இடத்திலாவது, வேறொரு பாதையில், வேறொரு மின்மூலத்தில் இயங்கும் இணைப்பு இருத்தல் வேண்டும். தோட்ட வைத்திய நிலையமோ தொழிற்சாலையோ அதற்குப் பொருத்தமான இடமாகும்.

இன்னொரு ஆட்சேபம் செலவு பற்றியது. தேயிலையின் உற்பத்திச் செலவும் சம்பளப் பிரச்சினையும் கம்பனிகளை நெருக்கி வருவதை நாம் அறியாதவரல்லர். எனினும் ஒரு ரவுட்டரையும் சுவர்ப் பெட்டியையும் சில மணி நேரம் இயங்க வைக்கக்கூடிய பற்றரிக்கு ஆகும் செலவு, ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் கணக்கில் கவனிக்கத்தக்க தொகையன்று. சிறு சூரியசக்தித் தகடொன்று அதனை நாட்கணக்கில் நீடிக்கச் செய்யும். இரு வேறு நிறுவனங்களின் இணைப்பை வைத்திருத்தல் சற்று அதிகச் செலவுதான். ஆனால் அது தொலைபேசிச் செலவன்று, காப்புறுதிச் செலவு.

அதேவேளை தொலைபேசி மாத்திரம் உயிர்களைக் காத்துவிடும் என்ற மயக்கத்தையும் நாம் ஊட்ட விரும்பவில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வரிசைகளை மண் மூடிய காலையை மலையகம் மறக்கவில்லை. அந்த நிலம் அபாயகரமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. செய்தி சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ந்திருந்தது. மக்களை இடம்பெயர்த்துப் பாதுகாப்பான காணியில் குடியமர்த்த வேண்டிய செயல் மாத்திரம் நிகழவில்லை. எச்சரிக்கையைக் கொண்டு செல்லும் கம்பி ஒன்று. அதனைக் கேட்டு நடக்கும் நிர்வாகம் வேறொன்று. இரண்டும் வேண்டும். முதலாவது அறுந்தால் இரண்டாவதன் பொறுப்பைப் பற்றிக் கேள்வி கேட்கவும் முடியாது போகும் என்பதாலேயே இவ்விடயத்தை நாம் வலியுறுத்துகின்றோம்.

ஆகவே செய்யவேண்டியவை யாவை? வர்த்தகர்கள் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் ஐந்து கேள்விகளுக்கு எழுத்தில் பதில் பெறட்டும். உமது உரிமம் யாது? மின்சாரம் நின்றால் எத்தனை மணி நேரம் இயங்கும்? எமது தற்போதைய இலக்கம் எம்முடனேயே இருக்குமா? அவசர அழைப்பு எவ்விடத்தின் இலக்கத்தைக் காட்டும்? எமது வங்கி அட்டை இயந்திரமும் தொலைநகலும் எச்சரிக்கை மணியும் இதில் இயங்குமா? இவற்றுக்குத் தெளிவாகப் பதில் தரும் நிறுவனத்திடம் சேவையைப் பெற அஞ்ச வேண்டியதில்லை. பதில் தர மறுப்பவரின் மலிவு விலை மலிவன்று.

பெருந்தோட்டக் கம்பனிகள் ஒவ்வொரு தோட்டத்திலும் ஓர் அவசர இணைப்பை, தனிப் பற்றரியுடன், பூட்டிய அலுவலகத்துக்குள் அல்லாது இரவிலும் தொழிலாளர் அணுகக்கூடிய இடத்தில் வைக்க வேண்டும். துரையின் பங்களாவில் மாத்திரம் ஒலித்த தொலைபேசியின் காலம் முடிந்துவிட்டது என்பதை இதைவிடச் சிறப்பாக நிரூபிக்க முடியாது. சேவை வழங்குநர்கள், செப்புக் கம்பியை அகற்றும் நாளில், மின்தடையில் எது இயங்கும், எது இயங்காது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத் தாளில் அச்சிட்டு வாடிக்கையாளரின் கையில் கொடுக்க வேண்டும். நம் நாட்டின் ஆட்சி மொழிகளுள் தமிழும் ஒன்றாகும்; அது கட்டணப் பட்டியலில் மாத்திரமன்றி எச்சரிக்கையிலும் ஒலிக்க வேண்டும்.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, மண்சரிவு அபாயமுள்ள பிரதேசங்களில் கோபுரங்களுக்கும் இணைப்புக்களுக்கும் குறைந்தபட்ச மின்காப்பு நேரத்தை நிர்ணயித்து, அதனை மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்க முன்வர வேண்டும். பதுளையில் இயங்கும் மாவட்டச் செயலகமும் அனர்த்த முகாமைத்துவ அதிகாரிகளும் ஒவ்வோர் ஆண்டும் வடகீழ்ப் பருவமழைக்கு முன்னதாக, மின்சாரத்தை நிறுத்தி வைத்து, ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் 117 ஐ அழைத்துப் பார்க்கும் ஒத்திகையொன்றை நடத்தலாம். அதற்குப் புதிய சட்டமும் வேண்டியதில்லை, பெருநிதியும் வேண்டியதில்லை. ஒரு பிற்பகற் பொழுதும் சிறிது மனமும் போதும்.

புதிய தொழில்நுட்பத்தை அஞ்சி ஒதுக்குவது பேதைமை; அதன் விளம்பரத்தை அப்படியே நம்புவதும் பேதைமையே. இணையவழித் தொலைபேசி ஊவாவுக்கு வரத்தான் போகின்றது, பெருமளவில் வந்தும்விட்டது. அடுத்த பெருமழை இரவில் மலைச்சரிவின் லயன் ஒன்றிலிருந்து ஒருவர் உதவி கேட்டு அழைக்கும்போது மறுமுனையில் மணி ஒலிக்குமா என்பதை, இன்று வெயில் காயும் நாட்களில் நாம் கேட்கும் கேள்விகளே தீர்மானிக்கும்.